ஆவியும் ஆற்றலும்: பால் நுரைத்த வரலாறு

'ஆற்றுதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பல. செய்தல் என்பது ஒன்று. பாணனையும் கூத்தனையும் வள்ளலிடம் செலுத்தும் ஆற்றுப்படையோ வழி என்னும் பொருளுடைய 'ஆறு' என்னும் சொல்வழிப் பெயர் பெற்றது. துயர் தணித்தலும் ஆற்றுதலே. இவற்றோடு, கொதித்த பாலை ஒரு கலத்திலிருந்து மறுகலத்திற்கு உயரத் தூக்கி ஊற்றிச் சூடு குறைப்பதையும் தமிழர் இச்சொல்லாலேயே வழங்குகின்றனர். 'ஆவி' என்னும் சொல்லும் இத்தகையதே. உயிரும் ஆவி, மூச்சும் ஆவி, கொதிகலத்தின் வாயில் எழுந்து மறைவதும் ஆவி. பாலை நுரைக்கச் செய்யும் முறைகள் உலகில் பலவாயினும், அவற்றுள் தலையாய இரண்டு இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகின்றன. ஒன்று தமிழகத்து ஆற்றல்; மற்றொன்று இத்தாலி நாட்டு ஆவி. இன்று நகரத்து இல்லங்கள் சிலவற்றில் எஸ்பிரசோப் பொறி அடுக்களை மேடையேறி, அதன் ஆவிக்குழாய் பாலுக்குள் சீறத் தொடங்கியிருக்கும் வேளையில், இவ்விரு முறைகளின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது.

இவ்வரலாற்றை மேல்சித்தாமூரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. செஞ்சிக் கோட்டை நிலத்தின் இச்சிற்றூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடத்தின் இருப்பிடம். இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயர் தாங்கிய அடிகளார் வழிவழியாக வீற்றிருக்கும் இடம். பெரும்பாறையொன்றில் பாகுபலியும் பார்சுவநாதரும் அம்பிகை இயக்கியும் புடைப்புருவங்களாகப் பொலியும் மலைநாதர் கோயிலும், ஓங்கிய கோபுரமுடைய பார்சுவநாதர் கோயிலும் இவ்வூரின் தொன்மைக்குச் சான்று. செஞ்சியை நாயக்கரும் பிசப்பூர்ச் சுல்தானியரும் மராத்தியரும் முகலாயரும் மாறி மாறி ஆண்டனர். 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1761-இல் ஆங்கிலேயர் பறித்தனர். கோட்டையில் கொடிகள் மாறிய அக்காலமெல்லாம் சித்தாமூரில் மாறாதிருந்தவற்றுள் ஒன்று, பொழுது சாய்வதற்கு முன் அடுப்பை அணைக்கும் வழக்கம்.

சமண இல்லறத்தாரின் ஒழுகலாறு உணவையும் பொழுதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சாவகர்க்குரிய படிநிலைகள் பதினொன்றனுள் ஆறாவதாகச் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் இரவுண்ணாமையை வைக்கிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நயினார் குடும்பங்களில் இன்றும் ஓதப்பெறுவது. நீரைத் துணியால் வடிகட்டியே பருகவேண்டும். பாலையும் வடிகட்டி, கறந்த ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிடங்களுக்குள், காய்ச்சிவிட வேண்டும் என்பது திகம்பர நெறியினர் போற்றும் விதி. கறந்து வைத்த பாலில் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் தோன்றிப் பெருகுகின்றன என்பதே விதிக்குச் சொல்லப்படும் காரணம். லூயி பாஸ்டர் தம் ஆய்வகத்தில் இதனையே வேறு நோக்கில் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஒருவர்க்கு உயிரிரக்கம் முன்னின்றது. மற்றவர்க்கு உணவு கெடாமை முன்னின்றது. கலம் ஒன்றே, நெருப்பும் ஒன்றே.

சமணத்திற்கும் ஆயர் பாலுக்கும் உள்ள உறவு தமிழ் இலக்கியம் நன்கறிந்தது. கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண்துறவி, மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை அடைக்கலமாகத் தந்தது மாதரி என்னும் ஆய்ச்சியிடம். கோவலன் சாவக நோன்பியாதலின் பகற்பொழுதிலேயே அடிசில் ஆக்கப்பெற வேண்டும் என்பதை மாதரி தானே உணர்ந்து ஏற்பாடு செய்கிறாள். ஆயர்குல மகளிர் அரிசியோடு தம் பாற்பயனையும் கொணர்ந்து தருகின்றனர். வேற்று நெறியினரின் உணவு ஒழுக்கத்தை ஓர் இடைக்குலப் பெண் இத்துணை நுட்பமாக மதித்துப் போற்றிய காட்சி உலகக் காப்பியங்களில் அரிது. அடுத்த நாளே குடத்துப் பால் உறையாமற்போகிறது. ஆய்ச்சியர் அதனைத் தீநிமித்தமெனக் கொண்டு குரவையாடுகின்றனர். பாலின் மாற்றத்தை ஊழின் மொழியாகப் படித்த மக்கள் அவர்கள்.

சித்தாமூருக்கே உரிய செய்தி வேறொன்றும் உண்டு. நச்சினார்க்கினியர் சீவக சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சித்தாமூர்ச் சமணப் பள்ளியில் மாணவராக அமர்ந்து அந்நெறி நூல்களைக் கற்று உரையைத் திருத்தி எழுதினார் என்றும் ஒரு செவிவழி வழக்கு வழங்குகிறது. 1887-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தது அந்த உரையோடு கூடிய சிந்தாமணியே. வழக்கு மெய்யாயின், சைவ வைதிகராகிய உரையாசிரியர் பொழுது சாயுமுன் உண்டு, காய்ச்சி வடித்த நீரைப் பருகி, பல திங்கள் இங்கே தங்கியிருத்தல் வேண்டும். நிரை மீட்ட சீவகனுக்கு ஆயர்கோன் தன் மகள் கோவிந்தையைத் தர முன்வந்த பகுதிக்கு உரை எழுதுகையில் மடத்துப் பாற்குடங்கள் அவர் கண்முன் இருந்திருக்கும் எனக் கற்பனை செய்தல் கவிஞர்க்குரிய உரிமை. வரலாறு அவ்வளவு தூரம் செல்லாது.

இனிக் காப்பிக்கு வருவோம். பாபா புடான் என்னும் சூஃபித் துறவி மக்கா சென்று திரும்புகையில் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்மகளூர்ப் பக்கத்து மலையில் ஊன்றினார் என்பது பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிய மரபுக் கதை. தமிழ்நிலத்தில் சேர்வராயன் மலைமேல் காப்பித் தோட்டம் கண்டவர் 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன். அதே காலத்தையொட்டி இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து ஏழை உழவர் கூட்டங் கூட்டமாகக் கால்நடையாய்ச் சென்று அங்கே பழம் பறித்தனர். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது; அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தமிழர் காப்பியைச் சுவைக்கும் முன்னரே காப்பிக்காக மாண்டனர் என்னும் உண்மை, டிகிரி காப்பியின் மணத்தைப் பாடும் எழுத்துகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே தமிழ் நடுத்தர வகுப்பு இல்லங்களில் காப்பி நிலைபெற்றது. பழைய சோற்றையும் நீராகாரத்தையும் அது விடியற்பொழுதினின்றும் விலக்கியது. அக்காலப் பெரியோர் பலர் அதனைக் கள்ளுக்கு நிகராக வைத்து வைதனர். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரை இந்த மாற்றத்தையும் அதன் வகுப்பு, சாதிக் கூறுகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளமையால் அதனை இங்கு மீளக் கூறுதல் வேண்டா.

நமக்கு வேண்டுவது நுரை. அந்நியப் பானமாகிய காப்பி தமிழ்ப் பானமானது பாலினால், அதனினும் ஆற்றுதலால். வடிகலத்தின் மேற்கிண்ணத்தில் பொடியை இட்டுக் கொதிநீர் ஊற்ற, சாறு துளித்துளியாய்க் கீழிறங்கும். வடித்தல் என்னும் சொல் சமணர் நீரிலிருந்து காப்பிக்கு எத்துணை எளிதில் தாவியது என்பதும் நோக்கத்தக்கது. அச்சாற்றோடு பொங்கக் காய்ச்சிய பால் சேரும். பொங்குதல் என்பது தமிழர்க்கு மங்கலம். புதுமனை புகுவோர் முதலில் செய்வது பால் காய்ச்சுதல். பொங்கிய பால் 100 பாகை செல்சியசை ஒட்டிய வெம்மையுடையது. நேரே பருக இயலாது. ஆகவே விளிம்பு மடிந்த டம்ளருக்கும் அகன்ற டவராவுக்கும் இடையே ஒரு முழம் உயரத்தில் பால் நூலாக இழுபடுகிறது. விழும் பால் காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. பாலின் புரதம் அக்காற்றைக் குமிழிகளாகப் பொதிந்துகொள்கிறது. மூன்று நான்கு முறை ஊற்றியதும் சூடு 65 பாகைக்கு இறங்கி, மேலே நுரை நிற்கிறது.

அந்த விளிம்பு எதற்காக? வாய்படாமல் அண்ணாந்து பருகுவதற்கு என்பதே நேர்மையான விடை. எச்சில் தீட்டு என்னும் கருத்து டம்ளரின் வடிவத்திலேயே பதிந்துள்ளது. உலகின் பிற பகுதிகளில் நுரை உதட்டில் மீசை வரைகிறது. இங்கோ உதடறியாமல் தொண்டை சேர்ந்தது. தீட்டு கலத்தோடு நின்றுவிடவில்லை. 'பிராமணாள் காபி கிளப்' என்னும் பலகைகள் ஊர்தோறும் தொங்கின. அவற்றுள் சிலவற்றில் பிறர்க்குத் தனியிடம், சிலவற்றில் இடமே இல்லை. இருப்பூர்தி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த இப்பிரிவினை 1941-இல் நீங்கியது. சென்னை திருவல்லிக்கேணியில் உணவகமொன்றின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957-இல் தொடங்கிய மறியல் பல திங்கள் நாள்தோறும் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்ற பின்னர், 1958-இல் அச்சொல் நீங்கியது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை வழக்கமோ அதனினும் நெடிய ஆயுள் உடையது. சட்டம் தடுத்தும் இன்றும் முற்றாக அற்றுவிட்டது எனச் சொல்வதற்கில்லை. ஆற்றும் கலையின் அழகைப் பாடுவோர், யாருக்கு எந்தக் கலத்தில் ஆற்றப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாடுதல் கடன்.

ஆவியின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. இத்தாலியின் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ, ஆவியழுத்தத்தால் காப்பியை விரைந்து வடிக்கும் பெரும்பொறிக்கு 1884-இல் உரிமம் பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா, கோப்பை கோப்பையாக வடிக்கும் அமைப்பை உண்டாக்கினார். தெசிதேரியோ பவோனி அவ்வுரிமத்தை வாங்கி உற்பத்தி செய்தார். எனினும் ஆவியழுத்தம் சிறிது. அதன் வெம்மையோ பெரிது. சாறு கருகிக் கசந்தது. அக்கீலே காஜியா 1938-இல் புதுமுறைக்கு உரிமம் பெற்று, உலகப் போருக்குப் பின் நெம்புகோலால் உந்துதண்டை இயக்கி, வளியழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரையே பொடியூடே செலுத்தினார். காப்பியைப் பொறுத்தவரை ஆவியின் ஆட்சி அன்றோடு முடிந்தது. அதற்கு எஞ்சிய பணி பாலை நுரைப்பது ஒன்றே. 1961-இல் லா பவோனி நிறுவனம் வெளியிட்ட சிறிய நெம்புகோல் பொறி, அப்பணியை வீட்டு அடுக்களைக்குள் கொணர்ந்தவற்றுள் முதன்மையானது.

பால்நுரைக் காப்பிக்கு 'கப்புச்சினோ' என்னும் பெயர் வாய்த்தது கப்புச்சின் துறவியரின் அங்கி நிறத்தால். வியன்னா நகரத்தில் பாலேடு கலந்த காப்பியை அத்துறவியர் பெயரால் வழங்கிய வழக்கு இதற்கு முன்னோடி. இத்துறவியர் தமிழகத்துக்குப் புதியவரல்லர். எஃப்ரேம் தெ நெவேர் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் அடிகள் 1642-லேயே சென்னையில் தங்கிப் பணியாற்றினார். செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரியிலும் இச்சபையினர் நெடுங்காலம் இருந்தனர். தம் அங்கி ஒருநாள் கோப்பைக்குள் புகும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆடையையும் பாலையும் இணைத்துப் பார்ப்பது தமிழ் மனத்துக்கும் இயல்பே. மெல்லிய கலிங்கத்துக்கு ஆவியை உவமை கூறுவதைப் பெரும்பாணாற்றுப்படையில் காண்கிறோம். காய்ச்சிய பாலின் மேற்படியும் மென்படலத்துக்கு 'ஆடை' என்றே நாம் பெயரிட்டோம்.

ஆவிக்குழாய் பாலில் என்ன செய்கிறது? பொறியின் கொதிகலத்தில் 120 பாகைக்கு மேற்பட்ட வெம்மையுடைய ஆவி அடைபட்டுள்ளது. குழாயின் நுனியைப் பால்மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்துத் திறந்தால், ஆவி சீறிப் பாய்கையில் மேலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு நுழைகிறது. தாளைக் கிழிப்பதுபோல் ஓசை எழும். கலம் கைச்சூடு அடையும்வரை, அதாவது ஏறத்தாழ 37 பாகைவரை, காற்றேற்றலாம். பின்னர் நுனியைச் சிறிது ஆழ்த்தி, பால் சுழியாகச் சுழலுமாறு சாய்த்துப் பிடிக்க வேண்டும். பெருங்குமிழிகள் உடைந்து கண்ணுக்குத் தெரியாத சிறுகுமிழிகளாகி, பால் வண்ணப்பூச்சுப்போல் பளபளக்கும். 60 முதல் 65 பாகைக்குள் நிறுத்திவிட வேண்டும். 70-ஐத் தாண்டினால் புரதம் திரிந்து, நுரை தளர்ந்து, காய்ந்த பாலின் வாடை ஏறும். இதற்குக் குளிர்ந்த பாலே ஏற்றது. குளிர்ந்திருந்தால்தான் காற்றேற்றவும் சுழற்றவும் நேரம் கிடைக்கும்.

இங்கேதான் இரு நாகரிகங்களும் எதிரெதிர் நிற்கின்றன. இத்தாலியப் பால் குளிரிலிருந்து மேலேறி 65 பாகையை அடைகிறது. தமிழ்ப் பால் கொதியிலிருந்து கீழிறங்கி அதே 65 பாகையை அடைகிறது. அங்கே பொங்கிவிட்டால் குற்றம். இங்கே பொங்காவிட்டால் குற்றம். இவ்வேறுபாட்டைச் சுவை வேறுபாடு என மட்டும் கொள்வது பிழை. ஆலையில் 72 பாகையில் 15 நொடி சூடேற்றிக் குளிர்பெட்டியில் காத்த பால் கிடைக்கும் நாட்டில் மீண்டும் காய்ச்ச வேண்டுவதில்லை. கறந்த பால் வெயிலில் நடந்துவந்த நாட்டில் காய்ச்சாமை நோய்க்கு வழி. சித்தாமூர் மடைப்பள்ளியின் 48 நிமிட விதி வெப்ப நாட்டு வாழ்வின் அறிவு. அறநூல் அதற்கு வேறு பெயர் தந்தது.

முரண் இன்னொன்றும் உண்டு. கும்பகோணம் டிகிரி காப்பியின் பெருமை நீர் கலவாப் பாலில் நின்றது. பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானி பசும்பாலில் 28-க்கும் 32-க்கும் இடையே நிற்கும்; நீர் கலந்தால் ஆழ்ந்துவிடும். அந்த டிகிரியே காப்பிக்கும் பெயராயிற்று என்பது பெருவழக்கு. ஆவிப்பொறியோ பாலில் நீர் கலந்தே தீரும். ஏனெனில் ஆவி பாலுக்குள் குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பமே பாலைச் சூடாக்குகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 200 கிராம் பாலை 65 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 20 கிராம் ஆவி அதனுள் கரைய வேண்டும். பத்தில் ஒரு பங்கு நீர். பால்காரர் இதனைச் செய்தால் வசவு. பல்லாயிரம் ரூபாய்ப் பொறி செய்தால் நாகரிகம்! எருமைப்பாலின் கொழுப்பு 7 விழுக்காட்டை ஒட்டியும் பசும்பாலின் கொழுப்பு 4 விழுக்காட்டை ஒட்டியும் இருத்தலின், எருமைப்பால் இந்நீரைப் பொறுத்துக்கொள்ளும். ஆவின் பாலில் 6 விழுக்காட்டுக் கொழுப்புடைய நிறைகொழுப்புப் பாலும் அவ்வாறே. 3 விழுக்காட்டு நீலநிற உறைப் பால் நுரையைத் தாராளமாகத் தரும், சுவையை அல்ல.

தமிழகம் ஆவியைப் பாலுக்கு அறவே பயன்படுத்தவில்லை என்பதற்குமில்லை. திண்டிவனம் சாலையிலும் செஞ்சிக் கடைத்தெருவிலும் உள்ள தேநீர்க் கடைகளில் செம்பாலோ பித்தளையாலோ ஆன பாய்லர் விடியுமுன் புகையத் தொடங்கும். நடுவே கனல், சுற்றிலும் நீர், தலைமேல் பாற்பாத்திரம். அங்கே ஆவி பாலுக்குள் நுழைவதில்லை. பாத்திரத்தின் அடியை அணைத்து நாள்முழுதும் பாலைச் சூட்டில் வைத்திருக்கிறது. ஆகவே நீரும் சேர்வதில்லை. நுரைக்கும் வேலை கடைக்காரரின் கைக்கே எஞ்சுகிறது. அந்தக் கை கடல் கடந்தும் சென்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முசுலிம் கடையினர் கட்டிப்பால் சேர்த்து வீசி ஆற்றும் தேநீர் 'தே தாரிக்', இழுத்த தேநீர் என மலாய் மொழியில் பெயர் பெற்றது. வட இந்தியத் திருமணப் பந்தல்களிலோ ஆவிக்குழாயால் பாலைச் சீறவைத்து உடனடிக் காப்பித்தூள் கலந்த பானத்துக்கே 'எஸ்பிரசோ' எனப் பெயர். இத்தாலியர் கேட்டால் திகைப்பர்.

வீட்டுப் பொறி வாங்கியோர் அடையும் முதல் ஏமாற்றம் பெரும்பாலும் பாலால் வருவது. காய்ச்சி ஆறிய, ஆடை படிந்த பாலை வெதுவெதுப்போடு கலத்திலிட்டு ஆவியைத் திறந்தால், காற்றேறுமுன் சூடேறிவிடும். சவர்க்கார நுரைபோல் பெருங்குமிழிகள் எழுந்து அடங்கும். குறை பாலைக் காய்ச்சியதில் இல்லை, குளிர்விக்காததில் உள்ளது. கறவை உள்ள வீட்டில் இரண்டு நெறிகளும் கைகோக்க இடமுண்டு: கறந்ததும் வடிகட்டிக் காய்ச்சுதல், மூடி ஆறவிடுதல், ஆடையை எடுத்தல், குளிர்பெட்டியில் நன்கு குளிர்வித்தல், பின்னரே ஆவி. குழாயைத் திறக்குமுன் ஒருமுறை வெறுமையாக ஊதி, உள்ளே தங்கிய நீரை வெளியேற்ற வேண்டும். முடித்தவுடன் ஈரத்துணியால் துடைத்து மீண்டும் ஊத வேண்டும். தவறினால் பாற்புரதம் நுனியில் சுட்டு இறுகித் துளையை அடைத்து, அடுத்த பாலையும் கெடுக்கும். சமண இல்லமாயின் இத்தனையும் பொழுது சாயுமுன் நடந்து முடிதல் வேண்டும். கார்த்திகை, மார்கழித் திங்களில் மேல்சித்தாமூரில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறது. மாலைக் காப்பிக்கு ஐந்தரைக்குள் ஆவி எழுந்தாக வேண்டும்.